வீட்டுத் தோட்டத்தில் புது ரோஜா ரகம் உருவாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒட்டுச்செடியை வாங்கி வைத்தே பழகிவிட்டதால், ரோஜாவுக்கு விதை உண்டு என்பதே பலருக்கு மறந்துபோய்விட்டது. இரண்டு செடிகளைக் கலந்து, காய் பிடிக்கவைத்து, அந்த விதையை முளைக்கவைத்தால் இதுவரை உலகில் இல்லாத ஒரு ரோஜா உங்கள் தொட்டியில் பூக்கும். இதைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இதற்குத் தாவரவியல் படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். உலகமெங்கும் நடப்பட்ட ‘நாக் அவுட்’ ரோஜாவை உருவாக்கிய வில்லியம் ராட்லர், தன் வீட்டின் நிலவறையில் விளக்கு வெளிச்சத்தில் விதை முளைக்கவைத்தவர். அந்த ரகம் 2000-இல் விற்பனைக்கு வந்தது. கோதுமை ஆராய்ச்சியில் பெரும்பெயர் பெற்ற பி.பி. பால், ஓய்வு நேர ஆர்வமாகவே நிறைய ரோஜா ரகங்களை உருவாக்கினார். அவருக்கு மரபியல் தெரியும், சரி. ஆனால் ரோஜாவுக்கு அவர் பயன்படுத்திய முறை நீங்களும் நானும் செய்யக்கூடிய அதே முறைதான். தேவையானது ஒரு ட்வீசர், சின்னக் கத்தரி, பென்சில், அப்புறம் பொறுமை. பென்சிலை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

பெற்றோர்ச் செடிகள் நான்கு, தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் ஓர் இடம், நாற்றுக்கு ஒன்றிரண்டு தட்டு. மொட்டைமாடியே போதும். இடப் பிரச்சினை வருவது இரண்டாவது வருடத்தில்தான். அதற்கு மருந்து தேறாத நாற்றுகளைக் கழித்துக்கட்டுவது.

எந்த இரண்டு செடிகளைக் கலப்பது?

இங்கேதான் ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள். “எனக்குப் பிடித்த சிவப்பு, எனக்குப் பிடித்த மஞ்சள், இரண்டையும் கலந்தால் ஆரஞ்சு வரும்” என்று பெயின்ட் கணக்குப் போடுகிறோம். ரோஜா அப்படி நடந்துகொள்ளாது. நாம் வளர்க்கும் ரகங்கள் எல்லாம் ஏற்கெனவே பல தலைமுறைக் கலப்பில் வந்தவை. ஒரே காயில் இருந்து எடுத்த பத்து விதைகள் பத்து விதமாகப் பூக்கும். சிவப்பு, மஞ்சள் ஜோடியில் இளஞ்சிவப்பே அதிகம் வந்து உங்களைக் கடுப்பேற்றலாம்.

அதனால் முதலில் நிறத்தை மறந்துவிட்டு, காய் பிடிக்கும் செடி எது என்று பாருங்கள். வாடிய பூக்களை வெட்டாமல் ஒரு பருவம் விட்டுவையுங்கள். எந்தச் செடியில் பூவின் அடிப்பகுதி உருண்டு திரண்டு நிற்கிறதோ அதுதான் உங்கள் தாய்ச்செடி. சில அழகான ரகங்கள் எத்தனை முயன்றாலும் காய் பிடிக்காது. அவற்றில் மகரந்தம் நன்றாக இருந்தால் தந்தையாக வைத்துக்கொள்ளலாம்.

காய் பிடிக்காததற்குப் பெரும்பாலும் குரோமோசோம் (பெற்றோரின் குணங்களைப் பிள்ளைக்குக் கொண்டுபோகும் இழை) கணக்குதான் காரணம். ரோஜாவின் அடிப்படை எண் 7. காட்டு ரோஜாக்கள் பலவற்றில் 14 இருக்கும். தோட்டத்து ரகங்கள் பெரும்பாலும் 28 உள்ளவை. 14-ஐயும் 28-ஐயும் கலந்தால் பிள்ளை 21-இல் வந்து நிற்கும். ஒற்றைப்படை எண் என்பதால் சரிபாதியாகப் பங்கு பிரிக்க முடியாமல் அதன் மகரந்தமும் சூலும் பெரும்பாலும் உபயோகப்படாமல் போகும். செடி நன்றாகவே வளரும், பூக்கும். அடுத்த தலைமுறைதான் சிரமம். (நாய் ரோஜா என்று ஒரு காட்டு இனம் இருக்கிறது. அதில் 35 குரோமோசோம். பிள்ளைக்குத் தாய் 28 கொடுக்கும், தந்தை 7 மட்டும். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் தாயைப் போலவே இருப்பதில் ஆச்சரியம் என்ன!)

இன்னொன்று, வருடத்தில் பல தடவை பூக்கும் குணம். சீன ரோஜாக்கள் வழியாகத் தோட்டத்துக்கு வந்த இந்தக் குணம் ஒடுங்கு பண்பு, அதாவது இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். தொடர்ந்து பூக்கும் செடியை, வருடம் ஒரு முறை மட்டும் பூக்கும் காட்டு ரோஜாவோடு கலந்தால், பிள்ளைகள் அநேகமாக எல்லாமே வருடம் ஒரு முறை பூப்பவைதான். பேரப்பிள்ளைகளில்தான் அந்தக் குணம் மீண்டும் தலைகாட்டும். முதல் முயற்சியில் பெற்றோர் இரண்டுமே தொடர்ந்து பூப்பவையாக இருக்கட்டும். கொத்தாகப் பூக்கும் புளோரிபண்டா வகையில் ஒன்றைத் தாயாக வைத்தால் காய் கிடைப்பது எளிது என்பது என் அனுபவம்.

கலப்பு செய்வது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

நேரம்தான் முக்கியம். காலையில் போங்கள். தாய்ச்செடியில் நாளைக்கு விரியப்போகும் மொட்டு ஒன்றைத் தேடுங்கள். அடியில் இருக்கும் பச்சைப் புல்லி இதழ்கள் பிரிந்து கீழே மடங்கத் தொடங்கியிருக்கும். நிறம் முழுசாகத் தெரியும். ஆனால் இதழ்கள் இன்னும் இறுக்கிச் சுருண்டிருக்கும். விரிந்துவிட்ட பூ வேண்டாம், அது தன் மகரந்தத்தையே வாங்கியிருக்கலாம்.

இதழ்களை மொத்தமாகப் பிடித்து லேசாகத் திருகினால் கையோடு வந்துவிடும். உள்ளே ஒரு சின்னக் கிண்ணம். அதன் விளிம்பைச் சுற்றி மெல்லிய காம்பும் மஞ்சள் தலையுமாக மகரந்தத் தாள்கள் நெருங்கி நிற்கும். நடுவில் மெத்தையாக ஒரு கொத்து, அதுதான் சூல்முடி. சுற்றி நிற்கும் மஞ்சள் தலைகளை ஒன்றுவிடாமல் ட்வீசரால் கிள்ளி எடுங்கள். கொத்தின் அடியில் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும், செடியைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அடர்ந்த பூவாக இருந்தால் கொத்துக்கு நடுவிலேயே குட்டி இதழ்கள் முளைத்திருக்கும். அவற்றையும் பிடுங்குங்கள், விட்டால் அழுகும். பச்சைப் புல்லி இதழ்களைத் தொடவேண்டாம்.

தந்தைச்செடியின் மொட்டிலிருந்தும் இதேபோல மஞ்சள் தலைகளை எடுத்து, வெள்ளைத் தாளில் கொட்டி, காற்றடிக்காத உலர்ந்த இடத்தில் வையுங்கள். மறுநாள் அந்தப் பைகள் வெடித்துத் தாளில் மஞ்சள் பொடி படிந்திருக்கும். தாய்ப்பூவின் சூல்முடியைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பாக இருந்தால் தயார். தூரிகையைவிட விரல்நுனியே எனக்கு வசதி. பொடியைத் தொட்டுத் தடவினால் சூல்முடி மஞ்சளாவது கண்ணுக்கே தெரியும். மறுநாளும் ஒரு முறை தடவினால் காய் பிடிக்கும் வாய்ப்பு கூடும்.

உடனே அட்டை கட்டுங்கள். முதலில் தாய், பிறகு பெருக்கல் குறி, அப்புறம் தந்தை, தேதி. பென்சிலால் எழுதுங்கள். நான் முதல் வருடம் நல்ல பேனாவால், அழகான கையெழுத்தில் எழுதினேன். இரண்டு மழையிலேயே பதினாறு அட்டையும் வெள்ளை. எது யாருடைய பிள்ளை என்று இன்றுவரை தெரியாது. பென்சில் எழுத்து மழைக்கும் வெயிலுக்கும் அசையாது.

பூவைப் பையால் மூட வேண்டாமா?

மூடலாம். இதழை எடுத்துவிட்டால் தேனீக்கு அந்தப் பூவில் அவ்வளவாக ஆர்வம் இருக்காது என்பதால் பலர் மூடுவதில்லை. நானும் மூடுவதில்லை. மழை வரும்போல் இருந்தால் மட்டும் இரண்டு நாளைக்குக் காகிதப் பை. பிளாஸ்டிக் வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

தேனீ செய்யும் கலப்பு போதாதா? தானாகப் பிடித்த காயை விதைத்தால் என்ன?

தாராளமாக விதைக்கலாம். முதல் வருடத்துக்கு அதையே சொல்வேன். விதை எடுப்பது, முளைக்கவைப்பது எல்லாம் கை பழகும். காம்புக்கு ஒன்றாகப் பெரிய பூ பூக்கும் ஹைபிரிட் டீ வகையின் முதல் ரோஜா என்று சொல்லப்படும் ‘லா பிரான்ஸ்’ இப்படித்தான் வந்தது. 1867-இல் பிரான்சின் கியோ என்ற நாற்றுப்பண்ணைக்காரர் தன் நாற்றுகளுக்கு நடுவே அதைக் கண்டெடுத்தார். அதன் பெற்றோர் யார் என்பது அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

குறை ஒன்றுதான். நல்ல பிள்ளை வந்துவிட்டால், அதே கலப்பைத் திரும்பச் செய்ய வழியில்லை.

காய் பிடித்த மாதிரி இருந்து உதிர்ந்துவிடுகிறது. ஏன்?

இரண்டு மூன்று வாரத்தில் காய் பச்சையாகப் பருத்தால் கலப்பு பிடித்துவிட்டது. மஞ்சளாகிச் சுருங்கினால் பிடிக்கவில்லை. மகரந்தம் பழசாக இருந்திருக்கலாம், கடும் வெயிலாக இருந்திருக்கலாம், அந்த ஜோடிக்கே ஒத்துவராமல் இருக்கலாம். ஒரே ஜோடியில் ஐந்தாறு பூ செய்துவையுங்கள். ஒன்றை மட்டும் செய்துவிட்டுத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பது மனசுக்கு நல்லதல்ல.

செடியின் பலத்தையும் பாருங்கள். நேற்று மாற்றி வைத்த செடி, தண்ணீர் வாடிய செடி, பூச்சி அரித்த செடி, எதுவும் காயைத் தாங்காது. பருவத்தின் முதல் பூக்களில் கலப்பு செய்தால் காய் முதிர நேரமும் கிடைக்கும்.

காயை எப்போது பறிப்பது?

சுமார் மூன்றரை முதல் நான்கு மாதம். பச்சை மாறி ஆரஞ்சோ மஞ்சளோ சிவப்போ ஆகும். சில ரகங்களில் மங்கிய பழுப்போடு நின்றுவிடும். காம்பு காயத் தொடங்கியதும் பறித்துவிடலாம். கருத்துச் சுருங்கும்வரை விடவேண்டாம். அணிலும் எலியும் நம்மைவிடக் கவனமாக நாள் எண்ணும். முக்கியமான காய்க்கு ஒரு வலைத்துணி கட்டிவிடுங்கள்.

பிளந்தால் உள்ளே மெல்லிய முடிகளுக்கு நடுவே விதைகள் இருக்கும். அந்த முடி தோலில் பட்டால் அரிக்கும், கண்ணைத் தேய்த்துவிடாதீர்கள். ஒரு காயில் இரண்டே விதையும் இருக்கலாம், இருபதுக்கு மேலும் இருக்கலாம். சதையை முழுக்கக் கழுவி எடுங்கள். ஒட்டியிருக்கும் சதை முளைப்பைத் தடுக்கும், பூசணத்தையும் அழைத்துவரும்.

தண்ணீரில் மிதக்கும் விதையை எறிந்துவிடலாமா?

நான் எறிவதில்லை. மிதந்தவை முளைத்ததும் உண்டு, மூழ்கியவை அப்படியே கிடந்ததும் உண்டு. நூற்றுக்கணக்கில் விதை இருப்பவர்கள் வேண்டுமானால் கழிக்கட்டும்.

விதையை ஏன் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்கள்?

ரோஜா குளிர்காலத்தைப் பார்த்து வளர்ந்த இனம். பனிக்கு முன்னால் முளைத்தால் நாற்று செத்துப்போகும் என்பதால், குளிர் வந்து போனது என்று தெரியும்வரை விதை தூங்கும். கெட்டியான மேலோடும் அதற்குத் துணை. அந்தக் குளிரை நாம் ஃப்ரிட்ஜில் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஈரமான பேப்பர் டவலில் விதைகளைப் பரப்பி மடித்து, ஜிப் பையில் போட்டு, மேலே கலப்பின் பெயர் எழுதிக் காய்கறித் தட்டில் வையுங்கள். 2 முதல் 5 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. ஃப்ரீசர் வேண்டாம். எட்டு முதல் பன்னிரண்டு வாரம். தாள் ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பிரித்துப் பாருங்கள். பூசணம் தெரிந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீர் கலந்து விதையைக் கழுவி, புதுத் தாளுக்கு மாற்றிவிடுங்கள். சில விதைகள் பைக்குள்ளேயே வெள்ளை வேர் விட்டிருக்கும். அவற்றை உடனே எடுத்து நட வேண்டும்.

வீட்டில் மற்றவர்களுக்கும் சொல்லிவையுங்கள். ஈரத்தாள் சுருட்டிய பை யார் கண்ணுக்கும் குப்பைதான்.

எத்தனை முளைக்கும்?

மூன்றில் ஒன்று முளைத்தால் சந்தோஷப்படுங்கள். ஒரு கலப்பு பாதிக்கு மேல் முளைக்கும், இன்னொன்றில் ஒன்றுகூட எட்டிப் பார்க்காது. ஒரே நாளில் விதைத்தவை ஒன்று பத்தாவது நாளிலும் இன்னொன்று மூன்றாவது மாதத்திலும் வரும். அதனால் தட்டைச் சீக்கிரம் கவிழ்த்துவிடாதீர்கள்; அடுத்த குளிருக்குப் பிறகு முளைப்பவையும் உண்டு.

விதைப்பதற்கு நீர் வடியும் லேசான கலவை வேண்டும். தேங்காய் நார்த்தூளும் பெர்லைட்டும் (நாற்றுக் கலவைக்கு விற்கும் லேசான வெள்ளைக் குருணை) பாதிப்பாதி நன்றாக வருகிறது. ஒரு செ.மீ. ஆழம், விதைக்கு விதை இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி. மண் 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. சூடு ஏறினால் மிச்ச விதைகள் மறுபடி தூங்கப் போய்விடும்.

முளைத்த நாற்று திடீரென்று சாய்ந்துவிடுகிறதே?

நாற்றழுகல். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல் இளைத்து, காலையில் நின்றது மாலையில் படுத்திருக்கும். படுத்ததைக் காப்பாற்ற முடியாது, மற்றவற்றைக் காப்பாற்றலாம். மேலே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி, தட்டின் அடியிலிருந்து ஈரம் ஏற விடுங்கள். மேல்மண் கொஞ்சம் காயட்டும், காற்று ஓடட்டும், வெளிச்சம் நிறையக் கிடைக்கட்டும். உரம் இப்போதைக்கு வேண்டாம். முதலில் வரும் உருண்டையான இரண்டு விதையிலைகளுக்குப் பிறகு, விளிம்பில் பல் வைத்த உண்மையான இலைகள் மூன்று நான்கு வந்ததும் தனித்தனிச் சின்னத் தொட்டிக்கு மாற்றலாம். மாற்றும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை போனால் வேறு வரும்.

முதல் பூ ரொம்பச் சின்னதாக, ஐந்தே இதழோடு வந்தது. கலப்பு வீணா?

அவசரப்படாதீர்கள். தொடர்ந்து பூக்கும் பெற்றோரின் பிள்ளை, முளைத்து ஆறு முதல் பத்து வாரத்துக்குள் முதல் மொட்டு வைத்துவிடும். செடி விரல் உயரம்தான் இருக்கும், பூ கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அதில் நிறத்தை ஓரளவு நம்பலாம். இதழ் எண்ணிக்கையையும் அளவையும் நம்பக் கூடாது. அடுத்தடுத்த பூப்பில் இதழ் கூடும், பூ பெருக்கும். ஆனால் முதல் பூவிலேயே இதழ் நெருங்கிக் குவிந்திருந்தால் அதைக் கொஞ்சம் கவனியுங்கள். பெரிய செடியானதும் அது விரியத் திணறலாம்.

முளைத்து ஒரு வருடமாகியும் மொட்டே இல்லையென்றால், அது வருடம் ஒரு முறை பூக்கும் வகையாக இருக்கலாம். அவை இரண்டாவது மூன்றாவது வருடத்தில்தான் பூக்கும்.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது?

உண்மையான வேலை இதுதான். மகரந்தம் தடவ ஐந்து நிமிடம் போதும். நீங்களே முளைக்கவைத்து, நீங்களே பெயர் யோசித்துவைத்த நாற்றைப் பிடுங்கிப் போடுவதற்கு ஒரு வாரம் மனசைத் தேற்ற வேண்டியிருக்கிறது. தொழில்முறையில் செய்பவர்கள் ஆண்டுக்குப் பல்லாயிரம் நாற்று வளர்த்து, எட்டு பத்து ஆண்டு பார்த்துவிட்டுத்தான் ஒன்றிரண்டை வெளியே விடுகிறார்கள். நம்மிடம் அவ்வளவு இல்லை. ஆனாலும் நூறு முளைத்தால் ஐந்தை வைத்துக்கொள்வதே தாராளம்.

முதல் வருடம் நோஞ்சான்களைக் கழியுங்கள். வெளுத்த இலை, வளராத தண்டு, எப்போதும் சாம்பல் பூத்த தளிர், இவை தேறுவது அபூர்வம். இரண்டாவது வருடம் பூவைப் பாருங்கள்: வெயிலில் எத்தனை நாள் நிற்கிறது, மழையில் மொட்டு அழுகுகிறதா, காம்பு பூவைத் தாங்குகிறதா, வாடியதும் இதழ் தானாக உதிர்கிறதா, இல்லை பழுப்பு நிறத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறதா. மூன்றாவது வருடம் இலையைப் பாருங்கள். அடியிலை கடைசிவரை நிற்கும் செடிக்கு நான் பூவில் இரண்டு குறையைக்கூட மன்னிப்பேன்.

என் வழக்கம் ஒன்று. கழிக்கப்போகும் செடியின் முன்னால் நின்று, “இதையே நாற்றுப்பண்ணையில் பார்த்திருந்தால் வாங்குவேனா?” என்று கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் பதில் இல்லை என்றே வரும். பிறகும் பிடுங்காமல் வீட்டுக்குள் போன நாட்கள் நிறைய உண்டு, அது வேறு விஷயம்.

நாற்றுகளுக்கு நோய் மருந்து அடிக்கலாமா?

அடித்தால் எது பலசாலி என்று தெரியாமலே போய்விடும். நாற்றழுகல் காலம் தாண்டிய பிறகு பூஞ்சை மருந்தே வேண்டாம். ராட்லர் இன்னும் ஒரு படி மேலே போனார். கரும்புள்ளி நோய் பிடித்த இலைகளைச் சேர்த்துக் காயவைத்துப் பொடியாக்கி, தன் செடிகள்மேல் தூவி, தண்ணீரும் தெளித்துவிடுவார். அதையும் தாங்கி நின்ற வரிசையில் வந்ததுதான் ‘நாக் அவுட்’. நாம் தூவ வேண்டியதில்லை, நோய் தானாகவே வரும்.

மஞ்சள் ரோஜாக்களில் கரும்புள்ளி அதிகம் என்று சொல்வதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. அடர் மஞ்சள் நிறத்தைத் தோட்டத்து ரோஜாவுக்குள் கொண்டுவந்தவர் பிரான்சின் பெர்னே-துஷே. பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலந்து அவர் உருவாக்கிய ‘சொலேய் டோர்’ 1900-இல் வெளிவந்தது. நிறத்தோடு கரும்புள்ளிக்கு வளைந்துகொடுக்கும் குணமும் கூடவே வந்துவிட்டது. மஞ்சளைப் பெற்றோராக எடுக்கும்போது இலையை இன்னொரு முறை பாருங்கள்.

வாங்கிய செடியில் திடீரென்று வேறு நிறப் பூ. இது புது ரகமா?

கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே இருந்து வந்தால், அது வேர்ச்செடி (உங்கள் ரகத்தை ஒட்டுக் கட்டப் பயன்படுத்திய அடிச்செடி) எழுந்து வருகிறது. அடியோடு பிய்த்தெறியுங்கள், இல்லையென்றால் மேலே உள்ள ரகத்தை அமுக்கிவிடும். ஓர் இலைக்காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் வேர்ச்செடி, ஐந்து இருந்தால் நல்ல செடி என்று சொல்லும் கணக்கை நம்பாதீர்கள். நல்ல ரகங்களிலும் ஏழு வரும்.

முடிச்சுக்கு மேலே, உங்கள் ரகத்தின் கிளையிலேயே ஒரு கொம்பு மட்டும் வேறு மாதிரி பூத்தால், அப்போது விஷயம் இருக்கிறது. அது மொட்டில் நேர்ந்த திடீர் மாற்றம். ‘நியூ டான்’ என்ற கொடி ரோஜா இப்படி வந்ததுதான்: வருடம் ஒரு முறை பூக்கும் ஒரு ரகத்திலிருந்து, தொடர்ந்து பூக்கும் கிளை. அமெரிக்காவில் தாவரங்களுக்குக் காப்புரிமை வந்தபோது, 1931-இல் முதல் எண் அதற்குத்தான் கிடைத்தது. யாரும் கலக்காத ரோஜாவுக்கு! அப்படி ஒரு கிளை கிடைத்தால் அதிலிருந்து துண்டு எடுத்துத் தனியாக வளர்த்துப் பாருங்கள். இரண்டு மூன்று பருவம் அதே மாதிரி பூத்தால்தான் நிலைத்தது என்று பொருள்.

நீல ரோஜா வருமா?

கலப்பில் வராது. நீலத்துக்கு வேண்டிய டெல்பினிடின் நிறமி ரோஜாவிடம் இல்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பான்சி பூவின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ரோஜா 2009-இல் விற்பனைக்கு வந்தது. அதுவும் பார்வைக்கு இளம் ஊதாதான். நீல ரோஜா விதை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

வாசனையான பெற்றோர் இரண்டைக் கலந்தும் பிள்ளைக்கு வாசனையே இல்லையே?

நடக்கும். வாசனை ஒரே பொருளால் ஆனதல்ல. ஜெரானியால், சிட்ரோனெல்லால், பீனைல் எத்தனால் என்று பல சேர்ந்து வருவது. அவற்றை உண்டாக்கும் மரபணுக்களும் பல. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி. நாற்று எண்ணிக்கை கூடக்கூட வாய்ப்பு கூடும், வேறு குறுக்குவழி இல்லை. முகர்ந்து பார்ப்பதென்றால் காலையில் முகருங்கள். நடுப்பகல் வெயிலில் நல்ல வாசனைச் செடியும் ஏமாற்றும்.

நல்ல நாற்று ஒன்று தேறிவிட்டது. எப்படிப் பெருக்குவது?

விதையால் பெருக்க முடியாது. விதை போட்டால் அது மறுபடி வேறு ரோஜா. பூத்து முடிந்த கிளையில் பென்சில் பருமனில் ஒரு சாண் துண்டு வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, ஈரமான கலவையில் நட்டு நிழலில் மூடிவையுங்கள். வேர் பிடிக்காத ரகமென்றால் வேர்ச்செடியில் மொட்டு ஒட்டுக் கட்ட வேண்டும்: பட்டையில் ‘டி’ வடிவில் கீறி, உங்கள் நாற்றின் கிளையிலிருந்து எடுத்த கண் (துளிர்மொட்டு) ஒன்றைச் செருகி, நாடாவால் சுற்றினால் மூன்று நான்கு வாரத்தில் பிடித்ததா என்று தெரியும். ஒரே நாற்று இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். அந்த ஒன்றும் போய்விட்டால் அந்த ரோஜா உலகத்தில் இல்லை.

பெயர் வைத்துப் பதிவு செய்யலாமா?

செய்யலாம். ரோஜாப் பெயர்களுக்கான சர்வதேசப் பதிவை அமெரிக்க ரோஜா சங்கம் பார்த்துக்கொள்கிறது. ஒரே பெயர் இரண்டு ரோஜாவுக்கு வராமல் இருக்கத்தான் இந்தப் பதிவு. உரிமை என்பது தனி. அதற்கு அந்தந்த நாட்டின் தாவர ரகச் சட்டப்படி, மற்ற ரகங்களிலிருந்து வேறுபட்டது, ஒரே சீரானது, மாறாதது என்று காட்ட வேண்டும். அதேபோல், மற்றவர் உரிமை பெற்ற ரகத்தைத் துண்டு வெட்டிப் பெருக்கி விற்பது உரிமை மீறல். அதைப் பெற்றோராகப் பயன்படுத்தப் பல நாடுகளின் சட்டம் அனுமதிக்கிறது. உங்கள் நாட்டில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயருக்கு அவசரம் வேண்டாம், எண் போதும். உலகப் புகழ் பெற்ற ‘பீஸ்’ ரோஜா, பிரான்சிஸ் மெய்யானின் நோட்டில் பல வருடம் வெறும் 3-35-40-ஆக இருந்தது. 1935-ஆம் ஆண்டின் மூன்றாவது கலப்பு, அதில் நாற்பதாவது நாற்று. 1945-இல்தான் அமெரிக்காவில் அந்தப் பெயரோடு வெளிவந்தது. உங்கள் நோட்டிலும் இதே முறையில் எழுதிக்கொள்ளலாம்.

கழித்த நாற்றுகளை மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா?

நோய் பிடித்ததைக் கொடுக்காதீர்கள். மற்றதைக் கொடுக்கலாம், அட்டையோடு. நான் ஒரு முறை காம்பு தொய்கிறது என்று கழித்த இளஞ்சிவப்பு நாற்றைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன். அவர் அதைச் சுவர் ஓரம் வைத்து, கவாத்தும் செய்யாமல் விட்டுவிட்டார். மூன்றாவது வருடம் அது ஆள் உயரத்துக்கு ஏறி, தொய்ந்த காம்புகளோடு சுவர்மேலிருந்து பூக்கள் கீழே பார்த்தபடி தொங்கின. நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு பூவும் என் முகத்துக்கு நேராக இருந்தது. என்னிடம் அதில் ஒரு துண்டுகூட இல்லை. கத்தரியை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டு வாங்கி வந்தேன். அடியில் அட்டை அப்படியே கட்டியிருந்தது, பென்சில் எழுத்தும் அழியாமல் இருந்தது.